ஸ்ரீரங்கம் தீவு: பயணப் பாதுகாப்பு

ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி மாநகரின் வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஆற்றுத் தீவு. அரங்கநாத சுவாமி கோயிலும் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலும் இத்தீவில் உள்ளன. கரீபியன் தீவுகளுக்குச் செல்வோர் ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் சூறாவளிப் பருவத்தைப் பார்த்துப் பயணத்தை வகுக்கிறார்கள். ஸ்ரீரங்கம் வருவோர் அதே அக்கறையோடு பார்க்க வேண்டியது மேட்டூர் அணையின் நீர்திறப்பை.

ஆற்றின் போக்கு

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரியாகவே தொடர, வடகிளை கொள்ளிடமாகிறது. பிரியும் இடத்தில் உள்ள மேலணையை 1836-38இல் ஆர்தர் காட்டன் கட்டினார். பாசனத்துக்கு வேண்டிய நீர் காவிரியில் செல்லும். மிகுதி கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படும். எனவே ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகக் கிடக்கும் கொள்ளிடம், உபரிநீர் வந்ததும் இருகரை தொட்டு ஓடும்.

இந்த வெள்ளத்துக்குத் திருச்சியில் மழை பெய்ய வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் கொட்டினால் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பும். அடுத்து மேட்டூர் அணையின் நீர்மட்டம் அதன் முழு அளவான 120 அடியை எட்டும். அங்கே திறந்துவிடும் நீர் இரண்டு மூன்று நாளில் முக்கொம்பை அடைகிறது. வெளியூர்ப் பயணி ஏமாறுவது இங்கேதான்: வானம் வெளுத்திருக்கும், ஆறு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் 1928ஆம் ஆண்டின் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. பக்கத்தில் 2016இல் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டதால் போக்குவரத்து அதன் வழியே நடந்தது. அதே மாதம் 22ஆம் தேதி இரவு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் பார்க்கவும் செல்ஃபி எடுக்கவும் பாலங்களில் கூடுவோரைக் காவல் துறை அப்புறப்படுத்துவதற்குக் காரணம் இத்தகைய அனுபவம்தான்.

நீராடல்

தீவின் முதன்மையான நீராட்டுத் துறை அம்மா மண்டபம். ஆடிப்பெருக்கு, ஆடி, தை அமாவாசைகள், மகாளய அமாவாசை ஆகிய நாள்களில் கூட்டம் மிகும். ஆடிப்பெருக்கு ஆகஸ்டு தொடக்கத்தில், உபரிநீர் வரக்கூடிய காலத்திலேயே வருகிறது. காதோலை கருகமணியும் காப்பரிசியும் வைத்துப் படைத்துவிட்டு, குடும்பத்தோடு படியிறங்கும் நேரத்தில் கவனம் சிதறுவது எளிது. தண்ணீர் செம்மண் நிறமாகி நுரையும் செத்தையும் மிதந்து வந்தால் வரத்து கூடுகிறது என்று பொருள். உடனே மேலேறிவிட வேண்டும்.

நீர் குறைந்த காலத்தின் ஆபத்து வேறு. மணல் அள்ளிய இடங்களில் பள்ளங்கள் விழுந்திருக்கும். முழங்கால் அளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்தில் இறங்கிவிடலாம். பாசி படிந்த கீழ்ப்படிகளில் கால் வழுக்கும். மதகுகளுக்கு அருகே நீர் சுழலும். நீந்தத் தெரிந்தவரும் இவ்விடங்களில் தப்புவது கடினம். தடுப்புக் கட்டையைத் தாண்டாமல், படியில் அமர்ந்து சொம்பில் மொண்டு குளிப்பதே உத்தமம். மூழ்குபவரை மீட்கக் குதிப்பதைவிடக் கயிறோ சேலையோ வீசுவது நல்லது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் மூழ்குவது ஆற்றங்கரைகளில் அடிக்கடி நேர்கிறது. கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு. கிழக்கே அணைக்கரைப் பகுதியில் அவை மிகுதி.

திருவிழாக் கூட்டம்

மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என நடக்கும் வைகுண்ட ஏகாதசி விழாவின் உச்சம், விடியலுக்கு முன் நடைபெறும் பரமபத வாசல் திறப்பு. ஏழு திருச்சுற்றுகள் கொண்ட இக்கோயிலில் கூட்டத்தில் பிரிந்தவரைத் தேடுவது சுலபமன்று. சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பேசிவைப்பதும், குழந்தையின் சட்டைப்பையில் தொலைபேசி எண் எழுதிய சீட்டு வைப்பதும், நகைகளைக் குறைத்துக்கொள்வதும் உதவும். சித்திரைத் தேரின்போது வடத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே நுழையக் கூடாது. முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தை ஒட்டியே வேலை செய்வதால் அவர்களுக்கு இடம்விட்டு நிற்க வேண்டும்.

வெயில்

ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. திறந்த பிராகாரங்களின் கற்றளம் நண்பகலில் வெறுங்காலைச் சுட்டுவிடும். முதியோரும் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தோரும் காலையிலோ மாலையிலோ தரிசிப்பது நல்லது. மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் படியேறுவோருக்கும் இது பொருந்தும். மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் நீரிழப்பைத் தடுக்கும்.

போக்குவரத்தும் உதவியும்

மாநகரையும் தீவையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. 1ஆம் எண் பேருந்து சத்திரம் பேருந்து நிலையம் வழியாக ஸ்ரீரங்கம் செல்கிறது. ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். தரிசனச் சீட்டைக் கோயில் கவுன்ட்டரில் வாங்குவதும், தங்கும் அறையை இடைத்தரகர் இன்றிப் பதிவதும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும். ஸ்ரீரங்கத்தில் அரசு மருத்துவமனை உள்ளது. கடுமையான விபத்துகளுக்குப் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை செயல்படுகிறது. அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, இணையவழிப் பணமோசடிக்கு 1930, சுற்றுலாத் தகவலுக்கு 1363 ஆகிய எண்களை அழைக்கலாம்.