கண்ணுக்குப் பின்னே யார்?

இறந்துபோன எருதொன்றின் கண்ணை எடுத்து, அதன் பின்புறத் தோலைக் கவனமாக உரித்து, அவ்விடத்தில் மெல்லிய வெள்ளைத் தாளையோ முட்டைக் கோதையோ பதித்து, இருட்டறை யன்னலின் துளையிலே வெளியை நோக்கிப் பொருத்தினால், வெளியுலகம் அந்தத் தாளிலே தலைகீழாகத் தோன்றும். பிரான்சிய மெய்யியலாளர் றெனே டேக்காட் 1637 இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் இச்சோதனையை விவரிக்கிறார். விழித்திரையில் விம்பம் தலைகீழாகவே விழும் என்பதை 1604 இலேயே கெப்ளர் நிறுவியிருந்தார். ஆயினும் அவ்விம்பம் ஆன்மாவை எவ்வாறு சென்றடைகிறது என்னும் வினாவை இயற்கை மெய்யியலாரிடமே விட்டு அவர் விலகிக்கொண்டார்.

டேக்காட் விலகவில்லை. செத்த கண்ணிலும் படம் விழுகிறது, எருது காணவில்லையே! படம் மூளைவரை சென்றாலும், அதைப் பார்க்க மூளைக்குள்ளே வேறொரு சோடிக் கண்கள் வேண்டுமா? அவர் எழுப்பிய இந்தக் கேள்வி, அவர் சொன்ன விடையிலும் பெரிது என்பது என் எண்ணம்.

நேயர்களே, கண் தானாகக் காணாது, உயிர் காட்டவே காணும் என்பது நம்மவர்க்குப் பழகிய செய்தி. 13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில் இதனை உவமையாக எடுத்தாள்கிறார். உவமையாக என்பதைக் கவனியுங்கள். இறைவன் உயிருக்குக் காட்டும் திறத்தை விளக்க, தெரிந்த பொருளாக இது அவருக்கு உதவிற்று. டேக்காட்டுக்கோ இதுவே விளக்கப்படவேண்டிய பொருளாயிற்று.

அவர் சொன்ன விடை, மூளையின் நடுவேயுள்ள பீனியல் சுரப்பி. கண்கள் இரண்டு, மூளையின் பாகங்களும் இரட்டை இரட்டை. காட்சி மட்டும் ஒன்று. ஆகவே ஒற்றையாய் உள்ள இச்சுரப்பியே ஆன்மா தொழிற்படும் இடம் என்றார். உருவமற்ற ஆன்மா உடலை எவ்வாறு அசைக்கும் என்று பொகீமிய இளவரசி எலிசபெத் 1643 இலேயே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டார். 1665 இல் பாரிசில் உரையாற்றிய ஸ்தெனோ, அச்சுரப்பி டேக்காட் சொன்னவாறு அசையக்கூடியதன்று என உடற்கூற்று முறையாற் காட்டினார். சுரப்பி போயிற்று, கேள்வி நின்றது.

காட்சிக்குரிய இடத்தை நுணுக்கமாக வரையத் துணைசெய்தது, கொடுமையிலும் கொடுமை, யுத்தம்! 1904–1905 ரஷ்ய–யப்பானியப் போரிலே ரஷ்யத் துவக்குகளின் சிறிய, வேகமான குண்டுகள் மண்டையோட்டைத் துளைத்து மறுபுறம் வெளியேறின. உயிர் தப்பியோரின் பார்வையிழப்பை ஓய்வூதியத்துக்காக மதிப்பிட வந்தவர் தற்சுஜி இனோயே என்ற கண்வைத்தியர். குண்டு புகுந்த இடம், வெளியேறிய இடம், பார்வையில் இருண்டுபோன பகுதி ஆகியவற்றை ஒப்பிட்டு, பிடரிப்புற மூளையிலே பார்வையின் வரைபடத்தை வரைந்தார். 1909 இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். நாம் நேரே உற்றுநோக்கும் சிறு நடுப்பகுதிக்கே அப்படத்தில் மிகப்பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இடம் தெரிந்தது. காண்பவர் அகப்பட்டாரா?

1974 இல் லோறன்ஸ் வைஸ்கிரான்ஸ் என்ற உளவியலாளரும் உடன் ஆய்ந்தோரும் ஒரு நோயாளரைப் பற்றி எழுதினர். சத்திரசிகிச்சையின்போது வலப்புறப் பார்வைப் புறணியை இழந்த அவருக்கு இடப்பக்கக் காட்சியிற் பெரும்பகுதி இல்லை. அப்பக்கத்தில் ஒளியைக் காட்டி, "எங்கே என்று ஊகித்துக் கையை நீட்டுங்கள்" என்றனர். கை ஏறத்தாழச் சரியான இடத்துக்கே சென்றது. கோடு கிடையா நிலைக்குத்தா என்பதையும் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். குருட்டுப்பார்வை என்று இதற்குப் பெயரிட்டனர். சேதமுற்ற புறணியைத் தவிர்த்துச் செல்லும் வேறு நரம்பு வழிகள் இதற்குத் துணைபுரிகின்றன என்பர்.

காண்பதும், காண்கிறேன் என அறிவதும் ஒன்றென்றே டேக்காட் முதல் நாம்வரை எண்ணியிருந்தோம். இங்கே அவ்விரண்டும் பிரிந்துபோய்க் கிடந்தன. சோதனை முடிவுகளைக் காட்டியபோது அந்த நோயாளர் வியந்துபோனார். தாம் ஒன்றையும் காணவில்லை, வெறுமனே ஊகித்ததாகவே அவர் சொன்னார்.