பிறப்பை இகழும் பிரசங்கமும் பிரஜையின் சாட்சியும்

ஒருவன் செய்த பிழையை எடுத்துக் கூறுதல் கண்டனம் எனப்படும். அவன் பிறந்த குலத்தையும் மேனி நிறத்தையும் சுட்டி நகைத்தலோ இகழ்ச்சி எனப்படும். முன்னதற்கு விடையிறுக்கலாம், திருந்தியும் காட்டலாம். பின்னதற்கு விடையே இல்லை. ஏனெனில், பிறப்பு எவரும் தேடிப் பெற்றதன்று. இவ்விகழ்ச்சி தேர்தற் காலங்களில் எங்ஙனம் ஆயுதமாயிற்று என்பதையும், பட்டமும் பதவியும் இல்லாத பிரஜைகள் அரசியல்வாதிகளின் சொல்லுக்கு எங்ஙனம் சாட்சிகளாயினர் என்பதையும் மூன்று சம்பவங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது இங்கிலாந்தில் நிகழ்ந்தது. பர்மிங்காம் நகரை அடுத்த ஸ்மெதிக் என்னும் ஊரில் இரும்பு வார்ப்படச் சாலைகள் மிகுதி. அவற்றில் உழைக்கப் பஞ்சாபியரும் மேற்கிந்தியத் தீவினரும் வந்து குடியேறியிருந்தனர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில் அங்கே தொழிற்கட்சிக்குப் பாட்ரிக் கார்டன் வாக்கரும், கன்சர்வேடிவ் கட்சிக்குப் பீட்டர் கிரிஃபித்ஸும் அபேட்சகர்களாக நின்றனர். கறுப்பர் அண்டை வீட்டாராக வரவேண்டுமென விரும்புவோர் தொழிற்கட்சிக்கு வோட்டளிக்கலாம் என்னும் கருத்துடைய வாசகமொன்று, கறுப்பரைக் குறிக்கும் மிக இழிந்த சொல்லோடு ஊரெங்கும் உலாவிற்று. அதைத் தாம் கையாளவில்லை என்றார் கிரிஃபித்ஸ். ஆயினும், அவ்வாறு கூறுவோரைத் தாம் கண்டிக்கப் போவதில்லை என்றும், அது ஜனங்களுடைய உணர்ச்சியின் வெளிப்பாடே என்றும் பத்திரிகைக்குச் சொன்னார். நாடெங்கும் தொழிற்கட்சி வென்று ஆட்சியைப் பெற்றது. ஸ்மெதிக்கிலோ வாக்கர் 1,774 வோட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

இதிற் கவனிக்கத்தக்கது யாது? இழிசொல் ஊரார் எல்லார் செவியிலும் விழுந்தது. அதற்குப் பொறுப்பாளி மட்டும் ஒருவருமிலர். பயனைப் பெற்றவர் உண்டு; சொன்னவர் இல்லை. 1966-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வூராரே கிரிஃபித்ஸைத் தோற்கடித்தனர் என்பது உண்மையே. எனினும், இடைப்பட்ட காலத்தில் இகழப்பட்டோர் பட்ட மனப்புண்ணுக்கு அது மருந்தாகுமோ?

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். 2006-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாகாணத்தின் செனேட்டராயிருந்த ஜார்ஜ் ஆலன் மறுமுறையும் அப்பதவிக்கு நின்றார். அவரை எதிர்த்தவர் ஜிம் வெப். ஆலன் செல்லும் ஊர்தோறும் சென்று அவருடைய பிரசங்கங்களைச் சிறு படக்கருவியாற் பதிவு செய்யும்படி, வெப் கட்சியார் ஒரு மாணவரை அனுப்பியிருந்தனர். அவர் இந்திய வமிசத்தினர், வயது 20. ஆகஸ்டு 11-ஆம் தேதி, கெண்டக்கி எல்லையை அடுத்த பிரேக்ஸ் என்னுமிடத்தில் கூடிய கூட்டத்தில், ஆலன் அம்மாணவரை விரலாற் சுட்டி, ‘மகாகா’ என்று இருமுறை அழைத்தார். அமெரிக்காவுக்கும் நிஜமான வர்ஜீனியாவுக்கும் அவருக்கு நல்வரவு கூறும்படி கூட்டத்தாரை ஏவினார். கூட்டத்திற் சிலர் நகைத்துக் கைகொட்டினர்.

அச்சொல் குரங்கினம் ஒன்றின் பெயர். ஆப்பிரிக்காவிற் குடியேறிய ஐரோப்பியர் சிலர் அந்நாட்டாரை இழித்துரைக்க வழங்கியதுமாகும். விந்தை யாதெனில், அம்மாணவர் வர்ஜீனியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்வரவு கூறிய ஆலனோ கலிபோர்னியாவிற் பிறந்தவர்!

முற்காலமாயின், இச்சொல் அம்மலைப்புறத்திலேயே மறைந்திருக்கும். மாணவர் முறையிட்டிருந்தாலும், செனேட்டர் மறுத்தால் யார் நம்புவர்? ஆனால் இழிவுக்குள்ளானவர் கையிலேயே படக்கருவி இருந்தது. பத்திரிகைகள் அதை வெளியிட்டன. முந்திய ஆண்டிலே தோன்றியிருந்த யூடியூப் வழியாகப் பொதுஜனங்கள் தம் கண்ணாற் கண்டு, தம் செவியாற் கேட்டனர். தாமாகப் புனைந்த சொல்லென்றும், பொருளறியாது கூறியதென்றும் சொல்லிப் பார்த்த ஆலன், முடிவில் அம்மாணவரிடமே மன்னிப்புக் கோரினார். நவம்பரில் அவர் தோற்றார். பதிவான 23 லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டுகளில் வித்தியாசம் 9,329 மட்டுமே. ஈராக் யுத்தத்தின் மீது ஜனங்கள் கொண்ட வெறுப்பும் இத்தோல்விக்குக் காரணமாகும். ஆயினும், இத்துணைச் சிறிய வித்தியாசத்தில் அவ்வொரு சொல்லுக்குப் பங்கில்லை என்று எவரும் துணிந்து கூறார்.

நிற்க. அம்மாணவர் எதிர்க்கட்சியின் ஊழியர். பிறர் குற்றத்தைக் காண்பதற்கென்றே சென்றவர். நடுநிலைச் சாட்சி எத்தகையது என்பதை மூன்றாவது சம்பவம் காட்டும். 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் பராக் ஒபாமா ஸான் பிரான்ஸிஸ்கோவில் நன்கொடையாளர் கூட்டமொன்றிற் பேசினார். நிருபர்களுக்கு அங்கே அனுமதியில்லை. வேலையிழந்த சிற்றூரார் மனக்கசப்புற்றுத் துப்பாக்கியையும் மதத்தையும், தம்மைப் போலல்லாதார் மீதுள்ள வெறுப்பையும் பற்றிக்கொள்கின்றனர் என்றார் அவர். இது நிறத்தை இகழ்ந்த சொல்லன்று. எனினும், ஒரு வகுப்பாரைத் தாழ்த்தியதென்று பலர் வருந்தினர். அதைப் பதிவு செய்து, பிரஜைகளே நிருபர்களாக எழுதிய இணையப் பகுதியொன்றில் வெளியிட்டவர் மேஹில் ஃபௌலர் என்னும் அம்மையார். அவர் ஒபாமாவின் ஆதரவாளர். அவருக்கு நன்கொடையும் அளித்தவர். தயங்கினார், எனினும் மறைத்தாரில்லை. தாம் அவ்விஷயத்தைச் செவ்வனே சொல்லவில்லை என்று ஒபாமாவும் ஒப்புக்கொண்டார்.

அன்பர்காள்! மாற்றான் மேடையில் எழும் இழிசொல்லுக்குச் சாட்சி சொல்ல ஆயிரம் பேர் முன்வருவர். தன் மேடையில் எழும்போது சொல்பவனே உண்மைச் சாட்சி. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கின்றது. ஒரு வாக்கியத்தை முன்பின் அறுத்துக் காட்டினால், அக்கருவியே பொய்ச்சாட்சியுமாகும். ஆதலின், பதிவு செய்வோர் முழுமையும் காட்டுக. இன்னுமொன்று: பிரேக்ஸ் கூட்டத்தில் குற்றம் செய்தவர் ஆலன் ஒருவர் மட்டுமோ? கைகொட்டியவர்க்கும் அதிற் பங்குண்டு. நம் சங்கக் கூட்டங்களில் எவரேனும் பிற வகுப்பாரின் பிறப்பை நகைத்துப் பேசுவாராயின், கருவியைத் தேடுமுன் நம் கைகள் கொட்டாதிருக்கட்டும். இகழ்ச்சியால் நொந்தவர் நாமே பிறரை இகழ்வோமாயின், நீதி கேட்க நமக்கு வாய் ஏது?