டைனோசர் அட்டையின் பின்பக்கம்

உயர்நிலை ஒன்று வகுப்பில் ஒரு மாணவன் மேசைக்கு அடியில் எதையோ புரட்டிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தேன். ரப்பர் வளையம் போட்ட ஒரு கட்டு டைனோசர் அட்டைகள். முன்பக்கம் வண்ணப்படம். பின்பக்கம் பெயர், நீளம், எடை, வாழ்ந்த காலம், கிடைத்த நாடு, எல்லாம் ஆங்கிலத்தில். கண்டிக்க வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்: "டீச்சர், இதுல நம்ம ஊரு டைனோசர் ஒண்ணுகூட இல்ல."

நம்ம ஊர் என்றால் சிங்கப்பூரா, தாத்தா பாட்டி ஊரா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு கட்டு கட்டாயம் இருக்கும். பறிமுதல் செய்வதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

முதலில் அட்டையின் கதை. இது சிகரெட்டோடு சேர்ந்து வந்த பழக்கம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட் பெட்டி மெல்லிய காகிதம்தான்; நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தார்கள். சும்மா கிடக்கிற அட்டையில் படம் போட்டால் ஆள் திரும்பவும் வாங்குவான் இல்லையா? சேகரிக்கும் ஆசை அப்படித்தான் வியாபாரமானது. பிறகு சாக்லெட், கோக்கோ, தேயிலை என்று பரவியது. ஜெர்மனியில் ரைகார்ட் கோக்கோ நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழங்கால விலங்குகள் அட்டைகளை வெளியிட்டது. ஹைன்ரிஷ் ஹார்டர் என்ற ஓவியர் அதற்கு வரைந்த படங்களை இன்றும் தேடிப் பிடித்துச் சேர்க்கிறவர்கள் உண்டு.

இங்கிலாந்தில் புரூக் பாண்ட் தேயிலைப் பொட்டலத்துக்குள் 1954 முதல் வரிசை வரிசையாகப் பட அட்டைகள் வந்தன. 1972இல் வந்த வரிசை வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள், மொத்தம் 50 அட்டைகள். வரைந்தவர் மாரிஸ் வில்சன். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தேயிலையில் இலங்கை மலையகத்துத் தேயிலையும் தென்னிந்தியத் தேயிலையும் உண்டு. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களின் கைகள். டைனோசர் அட்டை போய்ச் சேர்ந்தது வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு.

பழைய அட்டைகளையும் புதிய அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். அந்தக் காலத்துப் படங்களில் நீள்கழுத்து டைனோசர் சேற்றுத் தண்ணீரில் சோம்பலாக நிற்கும். வால் தரையில் இழுபடும். இன்றைய படங்களில் அது உலர்ந்த நிலத்தில் நடக்கும், வால் தரையைத் தொடாது. 1996இல் சீனாவில் சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் புதைபடிவத்தில் இறகு போன்ற இழைகளைப் பார்த்த பிறகு, செதிலோடு வரைந்த பலவற்றுக்கு இறகு முளைத்துவிட்டது. விலங்கு மாறவில்லை, அட்டை அச்சான ஆண்டுதான் மாறியது. ஆனால் பின்பக்கத்தில் 'நீளம் 20 மீட்டர்' என்று அச்சிட்ட எழுத்துக்கு அந்தத் தயக்கம் எதுவும் தெரியாது.

இனி அவன் கேள்வி. சிங்கப்பூரில் முந்தின தலைமுறைக்கு 'பெரிய எலும்பு' என்றால் திமிங்கிலம்தான். ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் இருந்த ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் 1907 முதல் ஒரு திமிங்கில எலும்புக்கூடு தொங்கியது. 1974இல் அது மலேசியாவுக்குப் போய்விட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் மூன்று டைனோசர்கள். 2015 ஏப்ரலில் திறந்த லீ கோங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் பிரின்ஸ், அப்போலோனியா, ட்விங்கி மூன்றும் நிற்கின்றன. குட்டியான ட்விங்கியே 12 மீட்டர். ஆனால் மூன்றும் அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்தவை. "அப்ப அதுங்களும் நம்ம மாதிரி வெளியூர்லேர்ந்து வந்ததுதான்" என்றது பின்வரிசை. சரிதானே.

தாத்தா பாட்டி ஊர்ப் பக்கம் போனால் கதை இன்னும் சுவாரசியம். கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அரியலூர் மாவட்டத்தை நாம் வரலாற்றுக்காகத்தான் நினைப்போம். அந்த மண்ணுக்கு அடியில் பல கோடி ஆண்டுக்கு முந்தைய கடலும் கரையும் இருக்கின்றன. அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1979இல் ஒரு டைனோசருக்குப் பெயரிட்டார்கள்: திராவிடோசாரஸ். ஆமாம், 'திராவிட' என்ற சொல்லேதான். முதுகில் தகடுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசாரஸ் இனம் என்றார்கள். கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அடுத்ததையும் சொல்ல வேண்டியிருந்தது. சங்கர் சாட்டர்ஜி என்ற ஆய்வாளர் 1990களில் அது டைனோசரே இல்லை, பிளீசியோசார் என்னும் கடல் ஊர்வன என்று எழுதினார். எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நம் பெயரைத் தாங்கிய ஒரே டைனோசர், டைனோசர்தானா என்பதே வழக்கில் இருக்கிறது.

அதே இருவர் 1987இல் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு இன்னொரு பெயர் வைத்தார்கள்: பிருகத்காயோசாரஸ். பிருகத் என்றால் பெரிய, காயம் என்றால் உடல். 'காயமே இது பொய்' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே, அந்தக் காயம்தான். (சமையல் காயம் இல்லை என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதாயிற்று.) கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று பதிவு. உங்கள் வகுப்பறைக் கதவைப் பாருங்கள், ஏறக்குறைய அந்த உயரம். முதலில் அதை ஊன் உண்ணும் வகை என்று எழுதினார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று கருத்து மாறியது. 2023இல் இரு ஆய்வாளர்கள் அதன் எடை 110 முதல் 170 டன் வரை இருந்திருக்கலாம் என்று கணித்தார்கள். நீலத் திமிங்கிலத்தோடு போட்டி போடும் எடை.

எலும்பு எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. மழையில் நனைந்து, அருங்காட்சியகம் சேருமுன்னே பொடிந்துபோயின. எஞ்சியவை படங்களும் பழைய புகைப்படங்களும்தான். உலகிலேயே பெரிய விலங்காக இருந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு, கையில் தொட்டுப் பார்க்க ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அரியலூருக்குப் பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில், குன்னத்தில், 2020 அக்டோபரில் 'டைனோசர் முட்டைகள்' கிடைத்ததாகப் படங்கள் கைப்பேசிகளில் பறந்தன. அவை அம்மோனைட் என்ற கடல் உயிரினத்தைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். என் குடும்பக் குழுவுக்கும் அந்தப் படம் வந்தது. நானும் அனுப்பினேன், மறைக்க என்ன இருக்கிறது.

அதனால் வகுப்பில் நாங்களே தமிழில் அட்டை செய்தோம். டைனோசருக்குத் தமிழில் 'தொன்மா' என்றும் ஒரு சொல் உண்டு. மா என்றால் விலங்கு என்று விளக்கியதும் சிலர் அதையே தலைப்பில் எழுதினார்கள். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பின்பக்கத்தில் நீளம், எடைக்குக் கீழே இரண்டு வரி கூடுதலாக இருக்க வேண்டும். 'இது எப்படித் தெரியும்?' 'யார் மறுக்கிறார்கள்?' இந்த இரண்டு வரிகளில்தான் தமிழ் வேலை செய்தது. 'என்று கருதப்படுகிறது', 'இருந்திருக்கலாம்', 'எனக் கூறுவோரும் உண்டு' எல்லாம் பயிற்சித்தாளில் ஒருநாளும் இவ்வளவு இயல்பாக வந்ததில்லை.

கட்டு வைத்திருந்த மாணவன் எடுத்துக்கொண்டது பிருகத்காயோசாரஸ். முன்பக்கம் முழுக்க ஒரே ஒரு கால் வரைந்தான், மீதி உடம்பு அட்டைக்கு வெளியே போய்விட்டது. 'இது எப்படித் தெரியும்?' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தான்: "எலும்பு இருந்தது. மழை பெய்தது. போட்டோ இருக்கிறது."

'பெய்தது' என்பதில் ஒற்றுப்பிழைகூட இல்லை.