இருளில் வலையை அறிந்த ஓங்கில்கள்



ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், வகுப்பில் வௌவாலைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இருளில் வழி அறியும் அதன் திறத்தை விளக்கி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, கலங்கிய கடலில் ஓங்கில் எவ்வாறு வழி அறிகிறது?” என்றான். டால்பின் என்று நூல்கள் கூறும் உயிரையே நம் கடற்கரை மக்கள் ஓங்கில் என்பர். அதற்குக் கூரிய கண்கள் உண்டு என்று விடையிறுத்து அவனை அமரச் செய்தேன். அவ்விடை பிழையானது. சரியான விடை 1956ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அவ்விடை பிறந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ஓங்கில் மீனன்று, காற்றை உயிர்த்து, குட்டிக்குப் பாலூட்டும் உயிர் என்பதை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். மீனவர் சிலவற்றின் வாலில் வெட்டுக்குறி இட்டு விடுவித்து, அவற்றின் வயதைக் கணித்த செய்தியும் அவர் நூலில் உண்டு. அதன் பின்னர் நெடுங்காலம் இத்துறையில் பெரிய முன்னேற்றம் இல்லை. கடலுக்குள் சென்று காண வழியின்மையே காரணம்.

அவ்வழி 1938இல் திறந்தது. அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில், செயின்ட் அகஸ்டின் நகருக்கு அருகே, மெரைன் ஸ்டூடியோஸ் என்ற பெயரில் மாபெரும் கடல்நீர்த் தொட்டிகள் அமைந்தன. அவற்றை நிறுவியவருள் ஒருவர் எழுத்தாளர் டால்ஸ்டாயின் பேரரான இலியா டால்ஸ்டாய். நீருக்கடியில் திரைப்படம் எடுப்பதே முதல் நோக்கம். கட்டணம் செலுத்தும் பொதுமக்கள் சாளரங்கள் வழியே காண்பதும் உடன் சேர்ந்தது. ஆராய்ச்சிக்கென எழுந்த கட்டடம் அன்று அது! ஆயினும், வேடிக்கை பார்க்க வந்தோர் நின்ற அதே சாளரங்களின் முன் அறிஞரும் குறிப்பேட்டுடன் நின்றனர். ஓங்கில் ஈனும் காட்சியை அங்கே கண்ணாரக் கண்டு, 1951இல் விரிவாக எழுதி வெளியிட்டனர்.

அந்நிலையத்தின் முதற் காப்பாளர் ஆர்தர் மெக்பிரைடு. தொட்டிக்கு வேண்டிய ஓங்கில்களைக் கலங்கிய உப்பங்கழிகளில், இரவில் வலையிட்டுப் பிடிப்பதும் அவர் பொறுப்பு. சிறு கண் வலையை விரித்தால் அவை நெருங்காமல் விலகின. மூழ்கியவனுக்குத் தன் கையே தெரியாத நீரும் இருளும் சேர்ந்த இடத்தில், வலை இருப்பதை அவை எவ்வாறு அறிந்தன? மெக்பிரைடு பத்து அங்குலக் கண்ணுள்ள வலைக்கு மாறினார், அவை ஏமாந்தன. மிதவைக் கயிறு ஓரிடத்தில் நீருள் அமிழ்ந்தாலோ, அவ்விடத்தைக் கண்டுகொண்டு அதன் மேலாகத் தப்பின. சிறு கண் வலை சுவரைப்போல் ஒலியைத் திருப்பும், பெருங்கண் வலை ஒலியைப் போகவிடும் என்று எண்ணிப் பாருங்கள், புதிர் அவிழும். அமெரிக்க மாணவர் கிரிஃபினும் கலாம்போசும் வௌவாலின் எதிரொலி மருமத்தை வெளிப்படுத்திச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஓங்கிலின் செயல் வௌவாலை நினைவூட்டுகிறது என்று 1947இல் மெக்பிரைடு தம் குறிப்பில் எழுதினார்.

எழுதினாரேயன்றி வெளியிடவில்லை. 1950இல் அவர் காலமானார். அக்குறிப்புகளை வில்லியம் ஷெவில் என்னும் ஆராய்ச்சியாளர் 1956இல் ஓர் ஆய்விதழில் அச்சிட்டார். இரண்டே பக்கம்! அவ்விரண்டு பக்கம் ஒன்பது ஆண்டுகள் உலகின் கண்ணில் படாமல் கிடந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

வலைக்காரரின் அனுபவம் நல்ல ஐயத்தைத் தரும், மெய்ப்பிக்காது. மெய்ப்பிக்க முற்பட்டவர் வின்த்ரோப் கெல்லாக் என்னும் உளவியல் பேராசிரியர். (1931இல் தம் மைந்தனோடு ஒரு சிம்பன்சிக் குட்டியையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தவர் இவரே.) மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேளாது, ஓங்கில் 80,000 அதிர்வுகளுக்கும் அசைந்து கொடுப்பதை 1952இல் அவரும் அவர் துணைவரும் காட்டினர். பின்னர்க் கலங்கல் நீரில் உலோகக் கம்பங்களைத் தொங்கவிட்டார். இரவிலும் அவை கம்பங்களிடையே நீந்தின. அவர் செய்த மற்றொரு சோதனை எனக்கு மிகவும் உவப்பானது. இரு வாயில்களில் மீனை நீட்டி, ஒன்றை மட்டும் தெளிந்த கண்ணாடியால் மறைத்தார். கண்ணுக்குக் கண்ணாடி தடையன்று, ஒலிக்கோ அது சுவர். ஓங்கில் திறந்த வாயிலையே நாடியது.

அப்படியும், கண் சிறிது உதவியிருக்கலாமே என்று வாதிட இடமிருந்தது. கென்னத் நாரிஸ் என்பார் கலிபோர்னியாவில், கேத்தி என்ற ஓங்கிலின் இரு கண்களையும் ரப்பர்க் கிண்ணங்களால் மூடினார். அது தடுமாறாமல் நீந்தி, இட்ட மீனையும் கண்டுபிடித்தது. தாடைக்குக் கீழே அமிழ்ந்த மீனை மட்டும் தவறவிட்டது. ஒலி தலையின் மேற்பகுதியிலிருந்து முன்னோக்கிச் செல்வதற்கு அத்தவறே சான்றாயிற்று. 1961இல் இவ்வாய்வு வெளிவந்தது.

அதே 1961இல் ஜான் லில்லி என்னும் மருத்துவ அறிஞர் வெளியிட்ட நூல், இன்னும் பத்து இருபது ஆண்டுகளில் மனிதன் வேற்றுயிர் ஒன்றோடு உரையாடுவான் என்று முழங்கியது. நாரிசின் கட்டுரையைப் படித்தவர் சிலர். லில்லியின் நூலைப் படித்தவரோ பலர். அவ்வுரையாடல் இன்றும் நிகழவில்லை. லில்லியை முற்றும் பழிக்க நான் ஒருப்படேன். ஓங்கிலின் மூளையைப் பற்றி உலகைச் சிந்திக்க வைத்தவர் அவர். ஆனால் விருப்பத்தை முடிபாகக் கூறிப் பொதுமக்களிடம் அறிவியலைக் கொண்டு செல்லலாகாது. உண்மை அதைவிடச் சுவையானது: ஒவ்வோர் ஓங்கிலுக்கும் தனக்கே உரிய சீழ்க்கை உண்டென்று கால்டுவெல் தம்பதியர் 1965இல் அறிவித்தனர். தன் சீழ்க்கையை ஒலிபரப்பினால் அது மறுமொழி தருகிறது என்று 2013இல் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர் காட்டினர்.

இவ்வறிவின் பெரும்பகுதி சிறைப்பட்ட உயிர்களிடமிருந்து பெற்றது என்பதையும் மறைத்தல் கூடாது. கடலில் பல மைல் திரியும் உயிர்க்குத் தொட்டி எத்தகைய இடம் என்பதை அத்தொட்டிகளே நமக்குக் கற்பித்தன. 1970 முதல் புளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் கட்டற்று வாழும் ஓங்கில்களை ஆராய்ந்து வருகின்றனர். ஓங்கில் காட்சிச்சாலைகளுக்கு இசைவு தரலாகாது என 2013இல் இந்திய அரசு பணித்தது.

நம் கங்கையில் வாழும் ஓங்கிலுக்குக் கண்ணில் வில்லை இல்லை. ஒளி உண்டா இல்லையா என்பதற்கு மேல் அது ஏதும் காணாது. அந்தச் சேற்று வெள்ளத்தில் அதற்கு எதிரொலியே கண். 2009இல் அது நம் தேசிய நீர்வாழ் விலங்காயிற்று. ஆற்று ஓங்கில்களை நாடளாவக் கணக்கிட்டு 2025இல் வெளியிட்ட எண்ணிக்கை 6,327. அவற்றுள் பியாஸ் ஆற்றில் எஞ்சிய சிந்து ஓங்கில்கள் மூன்றே மூன்று. படகில் சென்றோர் மேலே வருவனவற்றைக் கண்ணால் எண்ணியதோடு நில்லாமல், நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அவை எழுப்பும் ‘டிக் டிக்’ ஒலியையும் செவிமடுத்தனர்.