மோகன் பகானும் 1911ஆம் ஆண்டுக் கேடயமும்

வங்காளியர் எழுதுகோல் ஏந்துதற்கன்றி உடல்வலிக்கு உரியரல்லர் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பலர் கொண்டிருந்த கருத்து. மெக்காலே அதனை எழுதியும் வைத்தார். அக்கருத்து ஒரு மாலைப்பொழுதிற் பொய்த்துப்போயிற்று.

வடகல்கத்தாவில் மோகன் பகான் என்னும் மாளிகையின் பெயரால் 1889 ஆகஸ்ட் 15இல் ஓர் உதைபந்தாட்டக் கழகம் தோன்றியது. நிறுவினோர் கலகக்காரரல்லர், செல்வரும் கற்றோருமாவர். முதற்றலைவர் பூபேந்திரநாத் போஸ் பின்னர் காங்கிரசுக்கும் தலைமை தாங்கினார்.

1911 ஜூலை 29இல் இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்தின் இறுதியாட்டம் நிகழ்ந்தது. எதிர்நின்றது கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவு. மோகன் பகான் குழுவினர் பதினொருவருள் சப்பாத்து அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி ஒருவரே, ஏனையோர் வெறுங்காலர். ஆட்டத்தைக் காணவியலாது தொலைவில் நின்ற திரளுக்குப் பட்டம் ஏற்றி நிலைமையை அறிவித்தனர் என்பர். முதற்கோல் படையினருடையது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையிற் குழுத்தலைவர் சிப்தாஸ் பாதுரி அதனை ஈடுசெய்தார். அந்த ஆரவாரம் அடங்குமுன்னரே அபிலாஷ் கோஷ் வெற்றிக்கோலை அடித்தார். இந்தியக் குழுவொன்று அக்கேடயத்தைப் பெற்றது அதுவே முதன்முறை.

அவ்வாண்டு டிசம்பரில் வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. தலைநகரும் டில்லிக்கு மாறுமென அறிவிக்கப்பட்டது. தோல்விக்கு நாணியே ஆட்சியாளர் கல்கத்தாவை விட்டகன்றனர் என்பாரும் உளர். கதை சுவையுடையதே, ஆயினும் வரலாறன்று. அவ்யோசனை ஆட்டத்திற்கு முன்னர், ஜூன் மாதத்திலேயே அரசாங்கத்துள் எழுந்துவிட்டது. ஆள்வோரின் ஆட்டத்தில், அவர்தம் விதிக்கு அமைந்தே அவரை வென்றமைதான் அந்நாளில் மக்களைக் கவர்ந்தது.

அக்கேடயம் மீண்டும் மோகன் பகானின் கைக்கு வந்தது 1947இலாகும்.