நிற்காத பேருந்தில் கட்டணமில்லாப் பயணம்

முதியோர் உதவித்தொகை வேலையாக நான் அடிக்கடி போய்வரும் காலனியில், எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவர் இருக்கிறார். மூட்டுவலிக்காரர். சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். “பெண்களுக்குத்தான் டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லையே” என்றேன். “பஸ்ஸுக்குக் காசு இல்லதான் தம்பி. பஸ் நிக்கிற எடத்துக்குப் போக ஆட்டோவுக்கு எம்பது ரூவா ஆகுதே” என்றார். பேருந்து ஊரில் நிற்கிறது. காலனி அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர்.

சேரியை ஊருக்கு வெளியே வைத்தது சாதி. பேருந்தை ஊரோடு நிறுத்தியது எது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் போன்றோரின் முயற்சியால், பொதுச் சாலைகளும் கிணறுகளும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்று சென்னை மாகாண சட்டசபை தீர்மானித்தது. தீர்மானத்தில் சாலை திறந்தது. அதில் ஓடிய வாகனம் திறக்கவில்லை. எங்கும் அப்படித்தான். 1929இல் மகாராஷ்டிரத்தின் சாலிஸ்கானில் அண்ணல் அம்பேத்கரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டி ஓட்டிப் பழகாத ஒருவர் ஓட்ட, அண்ணல் தூக்கி எறியப்பட்டு, கால் முறிந்து, சில நாட்கள் நடமாட முடியாமல் கிடந்தார். தீண்டாமை ஒரு மனிதரை மாற்றுத்திறனாளியாகவும் ஆக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தமிழகத்தில் தனியார் மோட்டார் பஸ்கள் ஓடத் தொடங்கியபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற முதலாளிகள் பலர் மறுத்தனர். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். முதலாளிகளின் மனம் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உரிமத்தில் கைவைத்தார். இந்தப் பாடத்தை நாம் மறக்கக் கூடாது.

1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், பொது வாகனத்தில் ஏறவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1972இல் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. பேருந்து அரசுடையதானது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் சாதி இறங்கிப் போய்விடவில்லை. 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் தலித் மாணவர்களுக்கும் மூண்ட தகராறு தென்மாவட்டக் கலவரமாகப் பரவியது. அதன் தொடர்ச்சியாக ஆகஸ்ட் 31 அன்று காவல்துறை கொடியன்குளத்துக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடியது. 1997இல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது, அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள், கல்லெறிந்தார்கள். எதிர்த்தவர்களைத் தண்டிப்பதற்குப் பதில், எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கியது. ஒரு தலித் வீரனின் பெயரை ஏற்க முடியாதவர்களுக்காக மற்ற எல்லாப் பெயர்களும் போயின.

இந்த வரலாற்றோடுதான் 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பயணத்தைப் பார்க்க வேண்டும். பெண்கள், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், அவர்களின் உதவியாளர் என்று விரிந்த இத்திட்டம் கூலிப் பெண்களின் கையில் மாதாமாதம் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கட்டணம் இல்லை என்பது பேருந்தில் ஏறிய பிறகு கிடைக்கும் உரிமை. அதற்கு முன், பேருந்து வரவேண்டும், நிற்கவேண்டும், ஏற முடியவேண்டும்.

படிக்கட்டுகள் உயரமான பேருந்தில் சக்கர நாற்காலி ஏறாது. மூட்டுவலிக்காரரும் ஏற முடியாது. போக்குவரத்தில் தடையற்ற அணுகல் வேண்டும் என்று 1995லும் 2016லும் மாற்றுத்திறனாளிகள் சட்டங்கள் சொல்லிவிட்டன. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு, 2024இல்தான் சென்னைக்குப் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தன. ஆனால் தாழ்தளப் பேருந்தே ஓடினாலும், காலனியில் நிற்காவிட்டால் அங்குள்ள மாற்றுத்திறனாளிக்கு அதனால் என்ன பயன்?

எந்த மனுவைக் கொடுத்தாலும் ‘அது எங்கள் துறை இல்லை’ என்பதே பதில். கிளை மேலாளர் வசூலைக் காட்டுவார். வருவாய்த்துறை உதவித்தொகையோடு முடித்துக்கொள்ளும். மருத்துவமனை பேருந்து நேரத்தைப் பார்த்து வெளிநோயாளிச் சீட்டு கொடுப்பதில்லை. ஆனால் மினிபஸ், தனியார் பஸ் வழித்தடங்களுக்கு அனுமதி தரும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் மாவட்ட ஆட்சியர் கையில் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். இரண்டு கோப்புகளும் ஒரே மேசைக்கு வருகின்றன. காலனியில் நின்றால்தான் அனுமதி என்ற ஒரு நிபந்தனையை எழுத அவரால் முடியும். சௌந்தரபாண்டியனார் அன்று செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

அடுத்த கிராமசபையில் உங்கள் காலனிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், மருத்துவமனைக்குப் போக எந்த நேரத்தில் பேருந்து வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதி, நகலை ஆட்சியருக்கு அனுப்புங்கள். அந்த அம்மாவின் எண்பது ரூபாயும் கணக்கில் வரட்டும்.