திருநெல்வேலியில் டிஷ் ஆண்டெனா: செயற்கைக்கோள் இருப்பிடத்தை நினைவில் வைத்த கதை

ஒரு செயற்கைக்கோளைப் பார்க்க ஆண்டெனா எந்தப் பக்கம், எவ்வளவு சாய்வில் திரும்ப வேண்டும் என்பதைச் சேமித்து வைத்து, வேண்டும்போது மறுபடி அதே நிலைக்குக் கொண்டுவருவது ஆண்டெனாக் கட்டுப்பாட்டின் அடிப்படை வேலையாகும். திருநெல்வேலியிலும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும் இந்த நினைவு சுமார் முப்பது ஆண்டுகளில் மூன்று வடிவங்களை எடுத்தது. முதலில் அது ஆண்டெனாக் குழாயில் போட்ட கோடாக இருந்தது. பிறகு கருவிக்குள் ஓர் எண்ணாகவும், இறுதியில் மொட்டைமாடியில் முறுக்கிய போல்ட்டாகவும் மாறியது.

செயற்கைக்கோளுக்கு முன்

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலைகள் தென்மாவட்டங்களை எட்டவில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியபோது, தென்கடலோர ஊர்களில் உயரமான இரும்புக் குழாயில் ஆண்டெனா கட்டி அதைப் பார்த்தனர். கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்தபின் ஆண்டெனாவுக்கு இரண்டு திசைகள் தேவைப்பட்டன. கொழும்பு தென்கிழக்கிலும் கொடைக்கானல் வடக்கிலும் இருந்தன. ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, மற்றவர் கீழே படத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். சரியான திசை கிடைத்ததும் குழாயில் ஒரு கோடு போட்டுவைப்பதே இருப்பிடத்தைச் சேமிக்கும் எளிய வழி.

நெல்லையின் வானம்

ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுழல்கின்றன. அவற்றின் இடம் தீர்க்கரேகையால் குறிக்கப்படும். அந்தப் பாதையில் ஒரு டிகிரி என்பது சுமார் 736 கி.மீ. நீளம்.

திருநெல்வேலி வடக்கு 8.7 டிகிரி, கிழக்கு 77.7 டிகிரியில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. எனவே இந்தியச் செயற்கைக்கோள்கள் இங்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கின்றன. 74 டிகிரியில் இருந்த இன்சாட் செயற்கைக்கோளைப் பார்க்க டிஷ் அடிவானத்திலிருந்து சுமார் 79 டிகிரி நிமிர வேண்டும். பாபநாசம் போன்ற மலையடிவார ஊர்களில் தரைவழி அலைகளைப் பொதிகை மலைத்தொடர் மறைக்கக்கூடும். இவ்வளவு உயரத்தில் இருந்து வரும் அலையை அது மறைப்பதில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. டிஷ் 74 டிகிரியிலிருந்து 83 டிகிரிக்கு மாற, டெல்லியில் பக்கவாட்டில் சுமார் 19 டிகிரி திரும்பினால் போதும். திருநெல்வேலியில் ஏறத்தாழ 54 டிகிரி திரும்ப வேண்டும். தலைக்கு மேலே பறக்கும் பருந்தைப் பார்ப்பவர் அது சற்று நகர்ந்தாலே உடம்பைத் திருப்ப வேண்டியிருப்பது போன்றது இது. இதனால்தான் மோட்டார் பொருத்திய டிஷ்களில் பூமியின் அச்சுக்கு இணையான ஒற்றை அச்சு பயன்பட்டது. திருநெல்வேலியில் அந்த அச்சு கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும். டிஷ் அதன்மேல் ஊஞ்சல் பலகைபோலக் கிழக்கிலிருந்து மேற்கு வரை சாயும்.

எண்ணாக மாறிய இருப்பிடம்

ஏசியாசாட்-1 செயற்கைக்கோள் 1990-இல் 105.5 டிகிரிக்குச் சென்றது. அதன் வழியே 1991-இல் ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. கேபிள் நடத்துவோருக்கு எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் தேவை என்பதால், செயற்கைக்கோளுக்கு ஒன்றாகப் பல டிஷ்களை நிறுத்தினர். ஒரே டிஷ்ஷில் பல செயற்கைக்கோள்களைப் பார்க்க விரும்பியவர்களுக்கு ஆக்சுவேட்டர் மோட்டார் உதவியது.

மோட்டார் சுற்றும்போது அதனுள் உள்ள காந்தம் ஒரு சிறு சுவிட்சை மூடித் திறக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகும். கருவி அவற்றை எண்ணிக்கொண்டே வரும். ஒரு செயற்கைக்கோள் கிடைத்ததும் அப்போதைய எண்ணிக்கையைச் சேமித்துவிட்டால், அடுத்த முறை அதே எண் வரும்வரை டிஷ் தானே நகரும். டிஷ் தரையிலோ சுவரிலோ மோதாமல் இருக்கக் கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் தனியே பதியப்படும்.

இந்த நினைவு வானத்தை அறியாது. துடிப்பை மட்டுமே அறியும். மழைநீர் புகுந்தோ கம்பி தளர்ந்தோ சில துடிப்புகள் விட்டுப்போனால், சேமித்த எல்லா இருப்பிடங்களும் ஒரே அளவில் தவறிவிடும். ஒரு செயற்கைக்கோளைக் கையால் கண்டுபிடித்து எண்ணைத் திருத்தினால், மற்றவையும் சரியாகிவிடும். பின்னர் வந்த டைசெக் 1.2 முறையில் மோட்டாரே இருப்பிடங்களைச் சேமித்தது. அதற்குப் பின் வந்த யுசால்ஸ் முறையில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொடுத்தால் ரிசீவரே கோணத்தைக் கணக்கிட்டது.

போல்ட்டில் தங்கிய இருப்பிடம்

டி.டி.எச். சேவைகள் 2003-க்குப் பிறகு பரவின. சன் டைரக்ட் 2007 டிசம்பரில் 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி வழியே தொடங்கியது. சுமார் 60 செ.மீ. அகலமுள்ள இந்த டிஷ்களில் மோட்டார் இல்லை. பொருத்த வந்தவர் ஒருமுறை திசை பார்த்து போல்ட்டை முறுக்கிவிட்டுச் செல்வார். நினைவில் இருந்தது ஒரே ஓர் இருப்பிடம். அதையும் திருத்த ஆள்தான் மாடி ஏற வேண்டும்.

இந்த ஏற்பாடு செயற்கைக்கோள் இடம் மாறாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. செயற்கைக்கோள்கள் சிறு உந்துபொறிகளை அவ்வப்போது இயக்கித் தம் இடத்தைத் தக்கவைக்கின்றன. அத்தகைய உந்துபொறிகளைச் சோதிக்கும் இடங்களுள் ஒன்று திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ வளாகம். 1982-இல் இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே செயலிழந்தது. 1983-இல் இன்சாட்-1பி அதே 74 டிகிரிக்கு வந்தது. 1992-இல் இன்சாட்-2ஏ செயற்கைக்கோளும் அங்கேயே நிறுத்தப்பட்டது. வானத்தில் கோள் மாறினாலும் தரையில் ஆண்டெனாவைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

2010 ஜூலை 7 அன்று நிலைமை வேறாக இருந்தது. இன்சாட்-4பி-யின் சூரியத் தகடுகளில் ஏற்பட்ட கோளாறால் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதி நிறுத்தப்பட்டன. சன் டைரக்ட் 91.5 டிகிரியில் இருந்த மீசாட்-3-க்கு மாறியது. வேறுபாடு 2 டிகிரிதான். ஆனால் 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வையே சுமார் 3 டிகிரி அகலம். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினாலே அலை பாதியாகக் குறையும். திருநெல்வேலியில் ஒரு டிஷ்ஷைப் பக்கவாட்டில் சுமார் 3.5 டிகிரி திருப்பி, 2 டிகிரி நிமிர்த்தினால்தான் படம் திரும்பும். மோட்டார் டிஷ் வைத்திருந்தவர் ஒரு பொத்தானில் முடித்திருக்கக்கூடிய வேலை, வீடுவீடாக ஏணி வைத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

மோட்டாரும் நினைவகமும் நீங்கியதால்தான் டிஷ் விலை குறைந்து சாதாரண வீடுகளுக்கும் எட்டியது. அதே காரணத்தால் இருப்பிடம் மாறும்போது திருத்தும் சுமை வானத்திலிருந்து மாடிக்கு இறங்கியது. ஒரே தீர்க்கரேகைக்கு அடுத்த செயற்கைக்கோளை அனுப்புவது ஏன் முக்கியம் என்பதற்கு இது தெளிவான சான்றாகும். 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15, அதே 93.5 டிகிரியில் நிலைநிறுத்தப்பட்டது.